இலவசமாக வந்து சேரும் பொய்

அமெரிக்காவில் 1878ஆம் ஆண்டு முதல் வெளியிடப்பட்ட ‘மோர்கன் டொலர்’ என்ற வெள்ளி நாணயத்தின் நிறை 26.73 கிராம். அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. அதாவது ஒரு நாணயத்தில் 24 கிராமுக்குச் சற்று அதிகமான வெள்ளி இருக்கிறது. அதன் வயதையும் அருமையையும் மறந்துவிட்டு வெறும் உலோகமாக உருக்கி விற்றால்கூட இன்றைய விலையில் இருபது டொலருக்குக் குறையாது. ஆனால் இணையச் சந்தைகளில் அதே நாணயம் என்று சொல்லப்படுவது இரண்டு டொலருக்கு விற்பனைக்கு இருக்கிறது. அந்த இரண்டு டொலருக்குள், கடல் கடந்து வாங்குபவரின் வாசலுக்கு வந்து சேரும் தபாற் செலவும் அடக்கமாம். “அனுப்புவது இலவசம்” என்று படத்தின் கீழே எழுதியிருக்கிறார்கள்.

உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் படிக்கும் மாணவி நான். எந்தப் பொருளுக்கும் உற்பத்திச் செலவு உண்டு, விநியோகச் செலவு உண்டு, அதற்கு மேல் இலாபம் உண்டு என்றுதான் எங்களுக்குக் கற்பித்திருக்கிறார்கள். அப்படியானால் இந்த இரண்டு டொலருக்குள் இவை மூன்றும் எப்படி அடங்கின? விற்பவர் நட்டப்படவில்லை என்பது நிச்சயம். நட்டப்பட்டால் அடுத்த மாதமே கடையை மூடியிருப்பார். அவர் செலுத்தாத செலவை வேறு யாரோ செலுத்துகிறார்கள். அந்த ‘யாரோ’ யார் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

என் நானா பழைய நாணயங்கள் சேர்ப்பவர். மத்திய கிழக்கில் தொழில் செய்துவிட்டு விடுமுறையில் வரும் உறவினர்களிடம் பேரீச்சம்பழத்துக்கு முன்னால் சில்லறையைக் கேட்பவர் அவர்தான். விலையுயர்ந்த நாணயங்களை வாங்க அவருக்கு வசதியில்லை. ஆனால் இணையத்தில் அவற்றைத் தேடிப் பார்ப்பார், அவற்றின் வரலாற்றைப் படிப்பார். அவர் காட்டித்தான் இந்த இரண்டு டொலர் உலகம் எனக்கு அறிமுகமானது.

அதில் என்னை மிகவும் வியக்க வைத்தது 1804 என்று ஆண்டு பொறிக்கப்பட்ட அமெரிக்க வெள்ளி டொலர். உலகம் முழுவதிலும் இவ்வகை நாணயங்கள் மிகச் சில மட்டுமே இருப்பதாக அறியப்பட்டுள்ளது. 1804 என்று பொறித்திருந்தாலும், இவற்றில் முதற் தொகுதி அச்சிடப்பட்டது 1834ஆம் ஆண்டளவில்தான். கீழைத்தேய ஆட்சியாளர்களுக்கு அன்பளிப்பாகக் கொடுப்பதற்காக அவை அச்சிடப்பட்டன. மஸ்கத் சுல்தானுக்கு 1835இல் வழங்கப்பட்டதாகக் கருதப்படும் நாணயம் 1999இல் 41 இலட்சம் டொலருக்கும், 2021இல் 76 இலட்சம் டொலருக்கும் ஏலத்தில் விலைபோனது. உலகில் மிகச் சிலவே உள்ள இந்த நாணயம் இணையக் கடைகளில் நூற்றுக்கணக்கில் இருப்பில் இருக்கிறது. அதற்கும் தபாற் செலவு இல்லை!

இவற்றைச் செய்வது கடினமான காரியமல்ல. ஓர் அசல் நாணயத்தைப் பார்த்து அச்சு ஒன்றை உருவாக்குவதுதான் பெரிய செலவு. அது ஒருமுறை செய்யும் செலவு. அதன்பின் இரும்பையோ பித்தளையையோ மலிவான வேறு கலப்புலோகத்தையோ வெட்டி, அச்சில் வைத்து அழுத்தி, மேலே மெல்லிய வெள்ளி நிறப் பூச்சுப் பூசினால் போதும். அச்சின் செலவு ஆயிரக்கணக்கான நாணயங்களுக்குப் பகிரப்படுவதால் ஒன்றுக்குரிய செலவு சில சதங்களாகிவிடுகிறது. எனவே உற்பத்திச் செலவு குறைவாக இருப்பது புதிரல்ல. ஆயிரக்கணக்கான மைல் கடந்து வரும் தபாற் செலவுதான் புதிர்.

அந்தப் புதிருக்கான விடை நாமெல்லாம் அறிந்த ஒரு நிறுவனத்தின் வரலாற்றில் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் 9ஆம் திகதி உலகத் தபால் தினம் கொண்டாடுகிறோம். 1874ஆம் ஆண்டு அதே நாளில் சுவிற்சர்லாந்தின் பேர்ன் நகரில் 22 நாடுகள் கூடி, இன்று உலகத் தபால் ஒன்றியம் எனப்படும் அமைப்பை உருவாக்கின. நமது நாடு 1877ஆம் ஆண்டிலேயே அதில் இணைந்துவிட்டது. அனுப்பும் நாடு முத்திரைப் பணத்தை வைத்துக்கொள்ளும், பெறும் நாடு கடிதத்தை இலவசமாக வீட்டில் சேர்க்கும் என்பதே ஆரம்பகால ஏற்பாடு. ஒரு கடிதம் போனால் ஒரு பதில் வரும், ஆகவே கணக்குச் சரியாகிவிடும் என்று அக்காலத்தவர் நம்பினார்கள். எவ்வளவு அழகான நம்பிக்கை!

ஆனால் எல்லா நாடுகளும் சமமாகக் கடிதம் அனுப்பவில்லை. அதனால் 1969இல் டோக்கியோவில் நடந்த மாநாட்டில், பெறும் நாட்டுக்கு அனுப்பும் நாடு ஒரு கட்டணம் செலுத்த வேண்டும் என்று தீர்மானித்தார்கள். 1971 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பிற்காலத்தில் நாடுகள் குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, அபிவிருத்தியடைந்து வரும் நாடுகளுக்குக் குறைந்த கட்டணம் வைக்கப்பட்டது. எங்களைப் போன்ற நாட்டின் ஏழை மகன் வெளிநாட்டிலுள்ள உறவினருக்குக் கடிதம் எழுத முடியாமல் போகக்கூடாது என்பது போன்ற ஒரு நல்ல எண்ணம் அதன் பின்னால் இருந்தது.

அந்தச் சலுகை பெற்ற நாடுகளின் வரிசையில் சீனாவும் இருந்தது. உலகின் தொழிற்சாலையாக அது மாறிய பின்பும் சலுகை தொடர்ந்தது. 2010ஆம் ஆண்டளவில் அமெரிக்கத் தபால் சேவை சீனாவுடன் தனியாக ஓர் ஒப்பந்தமும் செய்துகொண்டது. இரண்டு கிலோவுக்கு உட்பட்ட சிறு பொதிகளைக் குறைந்த கட்டணத்தில், எங்கே வருகிறது என்று பின்தொடரக்கூடிய வசதியுடன் அனுப்ப அது வழிசெய்தது. இப்பொதிகள் ஒவ்வொன்றாலும் அமெரிக்கத் தபால் சேவைக்கு ஏறக்குறைய ஒரு டொலர் நட்டம் ஏற்பட்டதாக அச்சேவையின் கண்காணிப்பு அலுவலகமே 2014இல் அறிக்கை வெளியிட்டது. அமெரிக்காவில் ஒரு நகரத்திலிருக்கும் நேர்மையான நாணய வியாபாரி அடுத்த நகரத்துக்கு ஒரு நாணயத்தை அனுப்பக் கொடுத்த பணத்தைவிடக் குறைவாக, கடல் கடந்த விற்பனையாளர் அதே வாசலுக்குப் போலியை அனுப்பினார்.

சுங்கமும் கதவைத் திறந்து வைத்திருந்தது. அமெரிக்காவில் குறைந்த பெறுமதியுள்ள பொதிகளுக்கு அப்போது தீர்வை இருக்கவில்லை. 200 டொலராக இருந்த அந்த எல்லை 2016இல் 800 டொலராக உயர்த்தப்பட்டது. 2024 நிதியாண்டில் மட்டும் 130 கோடிக்கு மேற்பட்ட பொதிகள் இவ்வழியாக நுழைந்தன. அத்தனை பொதிகளுக்குள் இரண்டு டொலர் நாணயம் ஒன்றைத் தேடிப் பிடிக்க எந்தச் சுங்க அதிகாரியால் முடியும்?

எனவே முதற் செலவைச் செலுத்தியவர்கள் யார் என்று தெரிகிறது. அந்த நாட்டுத் தபால் சேவை செலுத்தியது. அதனூடாக முத்திரை வாங்கும் சாதாரண மக்கள் செலுத்தினார்கள். வியாபாரத்தை இழந்த நேர்மையான வியாபாரி செலுத்தினார். ஏழைக்காக விடப்பட்ட சலுகை போலி செய்பவரின் மூலதனமாகிவிட்டது.

“இந்தச் சலுகைகள் இப்போது இல்லையே!” என்று விடயம் தெரிந்தவர்கள் சொல்லலாம். உண்மைதான். ஒன்றியத்திலிருந்து விலகப் போவதாக 2018இல் அமெரிக்கா அறிவித்தது. 2019 செப்டெம்பரில் ஜெனீவாவில் கூடிய சிறப்பு மாநாடு ஓர் இணக்கத்துக்கு வந்ததையடுத்து, 2020 ஜூலை முதல் அமெரிக்கா தனது கட்டணத்தைத் தானே நிர்ணயிக்கத் தொடங்கியது. 800 டொலர் சலுகையும் சீனப் பொதிகளுக்கு 2025 மே மாதமும், ஏனைய நாடுகளின் பொதிகளுக்கு அதே வருடம் ஓகஸ்ட் மாதமும் நிறுத்தப்பட்டது. இருந்தும் போலிகள் ஒழியவில்லை. ஒரு பெரிய கொள்கலனில் மொத்தமாக அனுப்பி, வாங்குபவரின் நாட்டிலேயே களஞ்சியப்படுத்தி, அங்கிருந்து விநியோகிக்க அவர்களால் முடிகிறது. தபாற் கட்டணம் இந்த வியாபாரத்தை வளர்த்தது. ஆனால் அதைத் தாங்கி நிற்கும் தூண் வேறு.

அந்தத் தூண், இழப்பின் சிறுமை. இரண்டு டொலரை இழந்தவர் பொலிசுக்குப் போவாரா? வழக்குத் தொடுப்பாரா? விற்பனையாளருக்கு எழுதினால் அவர் மிகப் பணிவாகப் பதில் தருவார். “பொருளைத் திருப்பி அனுப்புங்கள், பணத்தைத் தந்துவிடுகிறோம்” என்பார். திருப்பி அனுப்பும் தபாற் செலவோ பொருளின் விலையைப் போலப் பல மடங்கு. அவரிடமிருந்து வரும்போது இலவசம், அவரிடம் போகும்போது இல்லை! அல்லது “பாதிப் பணத்தைத் தருகிறோம், பொருளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்” என்பார். பெரும்பாலானோர் அதற்குச் சம்மதித்துவிடுவார்கள். பலர் எழுதுவதுகூட இல்லை. எடுத்துக்காட்டாக, ஆயிரம் பேர் வாங்கி அவர்களில் இருபது பேர் முறையிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த இருபது பேரின் பணத்தை முழுமையாகத் திருப்பிக் கொடுத்தாலும் மீதி 980 பேரின் பணம் அவர் கையில். பலர் முறையிட்டுக் கடை முடக்கப்பட்டால் வேறொரு பெயரில் மறுநாள் இன்னொரு கடை. ஒருவரிடம் பெருந்தொகை திருடினால் அவர் விடமாட்டார். ஆயிரம் பேரிடம் சிறுதொகை திருடினால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். இந்த வியாபாரத்தின் முழுத் தந்திரமும் இதுதான்.

இரண்டு டொலர் போனால் போகட்டும் என்று நாம் விட்டுவிடலாமா? விடமுடியாது. ஏனெனில் போலி நாணயம் முதல் வாங்குபவருடன் நின்றுவிடுவதில்லை. முதலில் வாங்கியவருக்கு அது போலி என்று தெரிந்திருக்கலாம். அவர் அதை மேசை லாச்சியில் போட்டு வைப்பார். பல வருடங்களின் பின் பிள்ளைகள் அதைக் கண்டெடுத்து, வாப்பாவின் வெள்ளிக் காசு என்று மகிழ்வார்கள். அல்லது ஒருவர் அதைப் பழைய பொருட்கள் விற்கும் சந்தையில் உண்மையான விலைக்கு விற்பார். இரண்டு டொலரில் தொடங்கிய பொய் மூன்றாவது நான்காவது கையில் பல நூறு டொலர் இழப்பாகிறது. அப்போது முதல் விற்பனையாளரைத் தேடினால் கிடைப்பாரா?

இதை உணர்ந்துதான் அமெரிக்கா 1973ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றியது. நாணயங்களைப் போல் செய்யப்படும் எந்த மாதிரியிலும் ‘நகல்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் அழியாதவாறு பொறிக்கப்பட வேண்டும் என்பது அச்சட்டம். மாதிரி செய்வதை அது தடுக்கவில்லை. மாதிரி என்பதை மறைப்பதைத்தான் தடுக்கிறது. தெரிந்துகொண்டே விற்பனைக்குத் துணைபோகிறவர்களையும் பொறுப்பாக்கும் விதத்தில் 2014இல் அது திருத்தப்பட்டது. ஆனால் கடல் கடந்து பெயரில்லாமல் இயங்கும் கடைக்கு எந்த நாட்டுச் சட்டமும் இலகுவில் எட்டுவதில்லை.

இன்னொரு பாதிப்பும் உண்டு. போலிகள் பெருகியதால் சேகரிப்பாளர்கள் நாணயத்தைப் பரிசோதித்து, தரம் குறித்து, பிளாஸ்டிக் உறையில் அடைத்துச் சான்றளிக்கும் நிறுவனங்களை நாடினார்கள். 1980களில் தோன்றிய இந்நிறுவனங்களின் உறைகளையும் சான்றிதழ்களையும்கூட 2008ஆம் ஆண்டளவில் போலியாகச் செய்யத் தொடங்கிவிட்டார்கள். பொய்யைக் கண்டுபிடிக்க வந்த காவலாளியின் சீருடையையே பொய் அணிந்துகொண்டது. இப்போது அசல் நாணயம் வைத்திருப்பவரும் அதை அசல் என்று நிரூபிக்கப் பணம் செலவழிக்க வேண்டியிருக்கிறது. அந்த ‘யாரோ’வின் பட்டியலில் உண்மையாளரும் சேர்ந்துவிட்டார்.

இதைப் பொருளியலாளர் ஜோர்ஜ் அக்கலொவ் 1970இலேயே விளக்கியிருக்கிறார். பழைய கார்களை உதாரணமாகக் கொண்டு அவர் எழுதிய கட்டுரை, 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைப்பதற்குக் காரணமானது. ஒரு சந்தையில் நல்ல பொருள் எது, கெட்ட பொருள் எது என்று விற்பவருக்கு மட்டும் தெரிந்து வாங்குபவருக்குத் தெரியாவிட்டால், வாங்குபவர் எல்லாவற்றுக்கும் குறைந்த விலைதான் கொடுப்பார். அந்த விலைக்கு விற்க முடியாமல் நல்ல பொருள் வைத்திருப்பவர் சந்தையை விட்டு வெளியேறுவார். கடைசியில் கெட்ட பொருள் மட்டுமே மிஞ்சும். போலி விற்பவர் வாங்குபவரின் இரண்டு டொலரை மட்டும் எடுக்கவில்லை. சந்தையின் நம்பிக்கையையே எடுத்துவிடுகிறார். அதைத் திரும்ப உண்டாக்கப் பல காலம் பிடிக்கும்.

இந்த இடத்தில் ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். “சீனாக்காரன் செய்வதெல்லாம் டூப்ளிகேட்” என்று நம்மவர் மிக இலகுவாகச் சொல்லிவிடுகிறார்கள். அது அநியாயமான பேச்சு. 1873 முதல் அமெரிக்கா சீன வர்த்தகத்துக்கென்றே ‘ட்ரேட் டொலர்’ என்ற வெள்ளி நாணயத்தை வெளியிட்டது. அது சீனாவுக்குப் போனபோது அங்குள்ள வணிகர்கள் வெள்ளியைப் பரிசோதித்து, நல்லதென்று கண்டால் தங்கள் சிறு முத்திரையை நாணயத்திலேயே குத்தினார்கள். “இந்த வெள்ளிக்கு நான் பொறுப்பு” என்பது அதன் கருத்து. அந்த முத்திரைகள் பதிந்த அசல் நாணயங்களை இன்றும் சேகரிப்பாளர்கள் விரும்பி வாங்குகிறார்கள். நேர்மைக்குத் தன் பெயரைப் பணயம் வைத்த வணிகர்கள் அவர்கள். இன்று போலி செய்பவர்களால் அதிகம் ஏமாற்றப்படுபவர்களுள் சீனச் சேகரிப்பாளர்களும் உள்ளார்கள். 1914ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட யுவான் ஷிகாய் வெள்ளி டொலரும், 1980இல் வெளியான செங்குரங்கு முத்திரையும் மிக அதிகமாகப் போலி செய்யப்படுகின்றன. ஆகவே குற்றம் ஒரு நாட்டினுடையது அல்ல. அன்றைய வணிகர் தன் முத்திரையைக் குத்தினார், இன்றைய விற்பனையாளர் தன் பெயரை மறைக்கிறார். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

“அசலை வாங்க வசதியற்றவர் ஒரு மாதிரியை வைத்து மகிழ்ந்தால் என்ன தவறு?” என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. தவறே இல்லை. நூதனசாலைகளிலும் மாதிரிகள் விற்கப்படுகின்றன. எழுபது இலட்சம் டொலர் நாணயத்தை எங்களில் யார் வாங்கப்போகிறோம்? ஆனால் அது மாதிரி என்று அதன் மேலேயே எழுதப்பட்டிருக்கட்டும். எழுதுவதற்கு மேலதிகச் செலவு எதுவும் இல்லை, அச்சில் ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். அந்த ஒரு சொல்லை அவர்கள் ஏன் சேர்ப்பதில்லை? அடுத்த கையில் யாராவது ஏமாறுவார் என்ற எதிர்பார்ப்புத்தான் அந்தப் பொருளின் விற்பனையைக் கூட்டுகிறது. ஏழையின் மகிழ்ச்சி இங்கே வெறும் சாட்டு.

“அமெரிக்காவின் பிரச்சினை, நமக்கென்ன?” என்றும் சிலர் நினைக்கலாம். நமது நாட்டின் பெயராலேயே இதே வியாபாரம் நடக்கிறது. இணையத்தில் ‘சிலோன் சபாயர்’ என்று தேடிப் பாருங்கள். பெரிய பெரிய நீலக்கற்கள் சில டொலருக்கு, அனுப்பும் செலவும் இல்லாமல் கிடைக்கும். இரத்தினபுரி மண்ணில் இறங்கி, சேற்றைக் கழுவி, மாதக்கணக்கில் காத்திருந்து கல் எடுப்பவர்களுக்குத் தெரியும், அந்த அளவுக் கல்லுக்கு அந்த விலை நடக்காது என்று. அவை கண்ணாடியாக இருக்கும், அல்லது ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்ட கல்லாக இருக்கும். பேருவளை சீனன்கோட்டையில் தலைமுறை தலைமுறையாக இரத்தினக்கல் வியாபாரம் செய்யும் நம்மவர்கள் வாய்ச்சொல்லை நம்பிக் கல்லைக் கையில் கொடுத்தனுப்புகிறார்கள். அந்தச் சொல்லுக்குத்தான் வெளிநாட்டில் மதிப்பு. சில டொலர் கல்லை வாங்கி ஏமாந்த வெளிநாட்டவர் விற்றவரின் பெயரை நினைவில் வைத்திருக்கமாட்டார். ‘சிலோன்’ என்ற பெயரைத்தான் நினைவில் வைத்திருப்பார். ஆகவே செலவைச் செலுத்தும் ‘யாரோ’வின் பட்டியலில் நாமும் இருக்கிறோம்.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டதையும், மழையில் நனைந்ததென்று வியாபாரி சொன்னபோது, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டதையும் சிறுவயதிலேயே மத்ரஸாவில் படித்திருக்கிறோம். ஈரமான தானியத்தை விற்கக்கூடாதென்று அவர்கள் சொல்லவில்லை. ஈரத்தை மறைக்காதே என்றுதான் கண்டித்தார்கள். இணையக் கடையில் நாம் பார்க்கும் படம் அந்தக் குவியலின் மேற்பகுதி மட்டும்தான். உள்ளே கை விட்டுப் பார்க்க வழியில்லை. வழியில்லாத இடத்தில் விற்பவரின் பொறுப்பு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

சென்ற வருடம் என் சாச்சாவின் மகனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவனுக்குப் பத்து வயது. பெருநாள் காசில் போக்கிமோன் அட்டைகள் ஒரு கட்டு வேண்டுமென்று அடம்பிடித்து, வெளிநாட்டு இணையக் கடை ஒன்றில் சாச்சாவைக் கொண்டு எடுப்பித்தான். விலை மலிவு, விநியோகம் இலவசம். மூன்று வாரத்தில் வந்தது. எல்லா அட்டைகளும் தங்க நிறத்தில் மின்னின. எல்லாமே ‘அரியவை’. அதுவே சந்தேகத்துக்குப் போதுமானது. அரிய அட்டை ஒரு கட்டில் ஒன்று கிடைத்தாலே அதிர்ஷ்டம் என்பார்கள். அசல் அட்டையின் இரு தாள்களுக்கும் நடுவே கறுப்பு நிறப் படை ஒன்று இருக்கும் என்று நானா சொன்னார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம், இந்த அட்டைகளின் ஊடாக வெளிச்சம் தாராளமாக வந்தது. சாச்சா விற்பனையாளருக்கு எழுதினார். வந்த பதில் மேலே நான் சொன்ன அதே பதில். திருப்பி அனுப்பத் தபாலகத்தில் விசாரித்தால் கட்டணம் அட்டைகளின் விலையை விட அதிகம்.

பணத்தை விட வேறொன்று என்னைக் கவலைப்படுத்தியது. இரண்டு நாள் சென்றபின் அவன் என்னிடம் வந்து, “தாத்தா, இதில ஒன்ட வகுப்பில குடுத்து வேற ஒன்டு மாத்தட்டா? அவனுக்குத் தெரியாதுதானே” என்று கேட்டான். அவன் கெட்ட பிள்ளையல்ல. ஏமாந்தவனுக்கு வரும் இயல்பான எண்ணம் அது, என் நட்டத்தை இன்னொருவன் தலையில் இறக்கிவிட வேண்டும் என்பது. கடல் கடந்த விற்பனையாளர் அனுப்பியது அட்டையை மட்டுமல்ல, இந்த எண்ணத்தையும் சேர்த்துத்தான் என்று எனக்கு அப்போது பட்டது. நான் ஒரு மார்க்கர் பேனையை அவன் கையில் கொடுத்து, ஒவ்வோர் அட்டையின் பின்னாலும் ‘போலி’ என்று எழுதச் சொன்னேன். முகத்தைச் சுருக்கிக்கொண்டுதான் எழுதினான். ஆனால் எல்லாவற்றிலும் எழுதினான். பின் அவற்றை வைத்துத்தான் விளையாடுகிறான். விளையாட்டு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

பெற்றோருக்கு மிகுந்த மரியாதையுடன் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் கைத்தொலைபேசியில் ஏதேனும் ஒன்றைக் காட்டி “மலிவுதானே, விநியோகமும் ஃப்ரீதானே” என்று கேட்கும்போது, சிறிய தொகைதானே என்று வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். விலை எப்படி இவ்வளவு குறைந்தது என்று பிள்ளையையே கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். பொருளுக்கு எவ்வளவு, பெட்டிக்கு எவ்வளவு, தபாலுக்கு எவ்வளவு, இணையத் தளத்தின் கழிவுக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதினால், பத்து வயதுப் பிள்ளைக்கும் விடை தெரிந்துவிடும்.

தோழிகளே, சேகரிப்பது நல்ல பழக்கம். ஒரு முத்திரையோ ஒரு நாணயமோ ஒரு நாட்டின் கதையைக் கையில் தருகிறது. அதற்குப் பெரும் பணம் தேவையில்லை. வீட்டு அலுமாரியில் கிடக்கும் பழைய சதக் காசுகளும், உறவினர் பொக்கட்டில் மிஞ்சிய ஹலாலாக்களும் அசல்தான். கிழவிகளின் பெட்டகங்களில் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் உருவம் பொறித்த இலங்கைச் சதங்கள் இன்னும் இருக்கின்றன. கேட்டால் கதையோடு தருவார்கள். விலை கொடுத்து வாங்குவதென்றால் பெயரும் முகவரியும் உள்ளவரிடம், தவறு வந்தால் திரும்பிப் போய்க் கேட்கக்கூடிய இடத்தில் வாங்குங்கள். நிறையை அளந்து பாருங்கள், காந்தத்தை வைத்துப் பாருங்கள். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. ஒட்டாததெல்லாம் வெள்ளியல்ல என்பதையும் மறக்காதீர்கள். ஏமாந்துவிட்டால், தொகை எவ்வளவு சிறிதாக இருந்தாலும் முறையிடுங்கள். முறையிடாத ஒவ்வொருவரும் அந்தக் கடையின் இலாபக் கணக்கில் முற்கூட்டியே சேர்க்கப்பட்டவர்கள்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்களிடம் வந்த போலியை உங்களுடனேயே நிறுத்திவிடுங்கள். அதன் மேல் உண்மையை எழுதி வையுங்கள். அந்த விற்பனையாளர் பொறிக்க மறுத்த சொல்லை நம் கையால் எழுத ஒரு பேனை போதும்.